வீட்டில் ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ்: ஐந்து தடவை போட்டேன், ஐந்தும் சொதப்பல்

பொன்னம்மாபேட்டை கேட் | ஞாயிறு இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். பள்ளிக்கூடம் லீவு விட்டதிலிருந்து என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் ஒரே பாட்டு, ஃப்ரைஸ் வேண்டும் ஃப்ரைஸ் வேண்டும் என்று. கடையில் கைப்பிடி அளவு ஒரு காகிதப் பொட்டலத்துக்குச் சொல்கிற விலையில் இரண்டு கிலோ உருளைக்கிழங்கு வாங்கலாமே என்று வீட்டிலேயே இறங்கினேன்.

முதல் தடவை தோல் சீவி, நறுக்கி, நேராக எண்ணெயில் போட்டேன். மூன்றே நிமிடத்தில் வெல்லப்பாகு நிறம் வந்துவிட்டது. எடுத்துக் கடித்தால் நடுவில் நறுக்கென்று பச்சைக் கிழங்கு. இரண்டாவது தடவை தீயைக் குறைத்தேன். வெந்தது, ஆனால் எண்ணெயைக் குடித்துக்கொண்டு வந்தது. மூன்றாவது தடவை யூடியூப் பார்த்து கார்ன்ஃப்ளார் தூவினேன். மாவெல்லாம் கழன்று அடியில் கருகியதுதான் மிச்சம். நான்காவது தடவை முதலில் வேகவைத்தேன். வடிகட்டும்போதே பாதி உடைந்து மசியலாகிவிட்டது, மறுநாள் அதைப் போண்டாவுக்குள் வைத்துக் காலி செய்தேன். ஐந்தாவது தடவை ஃப்ரீசரில் இரண்டு மணி நேரம் வைத்துப் போட்டேன். கொஞ்சம் பரவாயில்லை. ஆனாலும் அதே பழுப்பு நிறம், தட்டில் கொட்டி ஐந்து நிமிடத்தில் நமத்துப் போய்விட்டது.

பெரியவன் ஒன்றை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினான். பல்லி வால் மாதிரி தொங்கியது. "அம்மா, இது ஃப்ரைஸ் இல்லை, பொரியல்" என்றான். அவன் சொன்னது சரிதான், அதனால்தான் எனக்குக் கோபம்.

எங்கே தப்பு செய்கிறேன்?

தட்டுவடை செட் | ஞாயிறு இரவு 9:52

அக்கா, எண்ணெய் காயவில்லை. அவ்வளவுதான் விஷயம். புகை வருகிற அளவுக்குக் காயவைத்துப் போட்டுப் பாருங்கள்.

பொன்னம்மாபேட்டை கேட் | ஞாயிறு இரவு 9:58

தம்பி, காய்ந்ததால்தான் வெளியே கருகி உள்ளே வேகவில்லை என்று எழுதியிருக்கிறேன். முழுசாகப் படித்தீர்களா?

டிகிரி காபி | ஞாயிறு இரவு 10:35

தீயைக் கூட்டுவதா குறைப்பதா என்று இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு தவிக்கிறீர்கள். இரண்டும் வேண்டும், ஆனால் தனித்தனியாக. ஃப்ரைஸை இரண்டு தடவை பொரிக்க வேண்டும்.

நான் செய்வது இது. விரல் கனத்துக்கு, அதாவது ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக, எல்லாத் துண்டும் ஒரே அளவாக நறுக்குவேன். தண்ணீர் தெளியும் வரை நான்கைந்து தடவை அலசுவேன். அந்தப் பால் மாதிரி வருகிற தண்ணீர் முழுக்க ஸ்டார்ச்தான், அது மேலே ஒட்டிக்கொண்டிருந்தால் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டும், சீக்கிரம் நிறம் ஏறும். அப்புறம் ஈரத்தை நன்றாகத் துடைத்து, 150 டிகிரி எண்ணெயில் ஐந்தாறு நிமிடம். நிறமே வரக் கூடாது, வெளிறிப்போய், பார்க்க உற்சாகமே இல்லாமல் இருக்கும். அதை எடுத்துப் பரப்பி அரை மணி நேரமாவது ஆறவிட வேண்டும். பரிமாறுகிற நேரத்தில் 185 முதல் 190 டிகிரி எண்ணெயில் இரண்டு, இரண்டரை நிமிடம்.

முதல் தடவையில் உள்ளே வேகிறது. மேல் பரப்பில் இருக்கிற ஸ்டார்ச் வெந்து பசை மாதிரி ஒரு படலமாகிறது. ஆறும்போது ஆவி வெளியேறி அந்தப் படலம் காய்கிறது. இரண்டாவது தடவை அந்தக் காய்ந்த படலம்தான் மொறுமொறுவென்று ஓடாகிறது. ஒரே தடவையில் முடிக்கப் பார்த்தால் உள்ளிருக்கிற தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், ஓடு எங்கே இறுகும்?

பெல்ஜியத்தில் தெருக்கடைகளில் இப்படித்தான் இரண்டு தடவை பொரிக்கிறார்கள், பழைய முறையில் மாட்டுக் கொழுப்பில். ஃப்ரைஸ் பிறந்தது பெல்ஜியத்திலா பிரான்ஸிலா என்று அவர்களுக்குள் ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. நமக்கு எதற்கு, சேலத்தில் சின்ன வயதில் எல்லோரும் ஃபிங்கர் சிப்ஸ் என்றுதான் சொன்னோம்.

இன்னொன்று: ஒரு லிட்டர் எண்ணெய்க்குக் கால் கிலோவுக்கு மேல் போடாதீர்கள். வடைச்சட்டி நிறையக் கொட்டினால் எண்ணெய் ஒரேயடியாக ஆறிவிடும், கிழங்கு எண்ணெயில் குளிக்கும்.

பொன்னம்மாபேட்டை கேட் | திங்கள் காலை 7:10

ரொம்ப நன்றி அண்ணா. ஆனால் 150, 185 எல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? போன வருடம் ஓர் ஆன்லைன் கடையில் துப்பாக்கி மாதிரி ஒரு தெர்மாமீட்டர் வாங்கினேன். கொதிக்கிற சாம்பாரைக் காட்டினால் 41 என்றது. என் நெற்றியைக் காட்டினாலும் கிட்டத்தட்ட அதேதான். திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை.

இலை போட்டாச்சு | திங்கள் காலை 8:25

அம்மா, நான் முப்பது வருடமாகக் கல்யாணச் சமையல் செய்கிறவன். எனக்குத் தெர்மாமீட்டர் தெரியாது. மேலே டிகிரி காபித் தம்பி சொன்னது சரியான முறைதான், நான் அதை அடுப்படிக் கணக்கில் சொல்கிறேன்.

முதல் தடவைக்கு அதிரச எண்ணெய். இரண்டாவது தடவைக்கு அப்பள எண்ணெய். முடிந்தது.

புரியவில்லை என்றால் இப்படிப் பாருங்கள். ஒரு துண்டை எண்ணெயில் விட்டால் அது அடிக்குப் போய், சின்னச் சின்னக் குமிழி விட்டு, நிதானமாக மேலே வர வேண்டும். அது அதிரச எண்ணெய். போட்ட மாத்திரத்தில் அடிக்கே போகாமல் சுற்றிலும் நுரைத்துக்கொண்டு மேலேயே நின்றால் அப்பள எண்ணெய். மரக்கரண்டியின் காம்பை விட்டுப் பார்த்தாலும் தெரியும், நல்ல காய்ந்த எண்ணெயில் காம்பைச் சுற்றிப் படபடவென்று குமிழி வரும்.

அப்புறம் காதைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள். கிழங்கைப் போட்டதும் மழை கொட்டுகிற மாதிரி சத்தம் வரும். அது உள்ளே இருக்கிற தண்ணீர் ஆவியாகிற சத்தம். அந்த மழை விட்டு, தூறலாகி, குமிழி சின்னதாகும்போது எடுக்கலாம். முழுசாக அடங்கும் வரை விட்டால் குச்சியாகிவிடும். ஜல்லிக்கரண்டியில் எடுத்துக் குலுக்கினால் சலசலவென்று சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லையா, இன்னும் அரை நிமிடம்.

உப்பு எடுத்த உடனே, எண்ணெய்ப் பளபளப்பு இருக்கும்போதே தூவ வேண்டும். ஆறின பிறகு போட்டால் உப்பு தட்டில் கிடக்கும், கிழங்கில் இருக்காது. கல்லுப்பு வேண்டாம், தூளுப்பு.

டிகிரி காபி | திங்கள் மதியம் 1:15

//முதல் தடவைக்கு அதிரச எண்ணெய். இரண்டாவது தடவைக்கு அப்பள எண்ணெய்.//

ஐயா, இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல முடியாது. மதியம் அப்பளம் பொரிக்கும்போது சந்தேகத்துக்கு அளந்து பார்த்தேன். நன்றாக விரிந்து வந்தபோது 190.

இருபதாவது வளைவு | திங்கள் மாலை 4:40

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். நான்கு அறை வைத்து விடுதி நடத்துகிறோம். வருகிற விருந்தாளிகளில் பிள்ளைகள் இருந்தால் சாயங்காலம் ஃப்ரைஸ்தான், பெரியவர்களுக்கு மிளகாய் பஜ்ஜி. இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவின் நான்காவது தடவை, வேகவைத்து உடைந்தது, அதற்கு வழி இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகரும் கொஞ்சம் உப்பும் போட்டு வேகவையுங்கள். புளி ஊற்றிய பிறகு காய் வேகாது என்று அம்மா சொல்வார்கள் இல்லையா, அதே சங்கதிதான். செல் சுவர்களைப் பிடித்து வைத்திருக்கிற பெக்டின் புளிப்புத் தண்ணீரில் அவ்வளவு சுலபமாகக் கரையாது. உள்ளே மாவாக வெந்தாலும் துண்டு உடையாது, முனை கூர்மையாக நிற்கும். வினிகர் வாசனை பொரித்த பிறகு தெரியவே தெரியாது.

எத்தனை நிமிடம் என்று கேட்பீர்கள். இங்கேதான் கீழே இருப்பவர்களுக்கும் எங்களுக்கும் கணக்கு வேறு. ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், எவ்வளவு தீ வைத்தாலும் அதற்கு மேல் ஏறாது. சேலத்தில் 10 நிமிடம் என்றால் எனக்கு 13, 14 ஆகிறது. முதல் வருடம் யாரோ எழுதி வைத்த குறிப்பைப் பார்த்து நிமிடக் கணக்கில் எடுத்து, எல்லாத் துண்டும் நடுவில் கெட்டி. பொரிப்பதிலும் இது உண்டு. எண்ணெய்க்கு மலையும் ஒன்றுதான் அடிவாரமும் ஒன்றுதான், ஆனால் கிழங்குக்குள் இருக்கிற தண்ணீர் 95-லேயே ஆவியாகிவிடுவதால் உள்ளே வேக நேரமாகும், அதற்குள் வெளியே நிறம் ஏறிவிடும். அதனால் நான் எண்ணெய்ச் சூட்டை ஏழெட்டு டிகிரி குறைத்துக்கொண்டு கூடுதல் நேரம் விடுகிறேன்.

அப்புறம் நமத்துப் போவது. அதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. மழைக்காலத்தில் ஏரிப் பக்கமிருந்து மூடுபனி ஜன்னல் வழியாகச் சமையலறைக்குள்ளேயே வந்துவிடும். பொரித்து வைத்தது மேசைக்குப் போவதற்குள் துவண்டுவிடும். நான் கண்டுபிடித்தது: டிஷ்யூ விரித்த கிண்ணத்தில் குவிக்கவே கூடாது. அடியில் இருப்பவை விடுகிற ஆவியே மேலே இருப்பவற்றை நனைக்கிறது. கம்பித் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும். சூடு ஆறக் கூடாதென்று மூடி போட்டீர்கள் என்றால் அதற்கு நீங்களே தண்ணீர் தெளித்துவிடலாம்.

ஜவ்வரிசி மூட்டை | திங்கள் இரவு 8:05

கார்ன்ஃப்ளாரைப் பற்றி ஒரு வார்த்தை. சேலத்தில் உட்கார்ந்துகொண்டு மக்காச்சோள மாவைத் தேடுவானேன்? ஆத்தூர் ரோட்டில் மூக்கை நீட்டினால் மரவள்ளி ஸ்டார்ச் வாசனை. வாசனை என்று மரியாதைக்குச் சொல்கிறேன்.

பாக்கெட்டில் உறைய வைத்து வருகிற ஃப்ரைஸ் நிறைய வகைகளுக்கு மேலே ஸ்டார்ச் பூச்சு உண்டு. அது தெரிந்துதான் யூடியூபில் மாவு தூவச் சொல்கிறார்கள். ஆனால் வறண்ட மாவைக் காய்ந்த கிழங்கின் மேல் தூவினால் எப்படி நிற்கும்? வேகவைத்து வடித்து, மேலே லேசாகப் பிசுபிசுப்பு இருக்கும்போதே அரை கிலோவுக்கு இரண்டு கரண்டி மரவள்ளி ஸ்டார்ச்சைத் தூவிக் குலுக்கி, பத்து நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள். மாவு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மரவள்ளி ஸ்டார்ச் கண்ணாடி மாதிரி மெல்லிய மொறுமொறுப்பு கொடுக்கும். அரிசி மாவு போட்டால் கொஞ்சம் கடக்முடக்.

இலை போட்டாச்சு | திங்கள் இரவு 8:30

நல்ல கிழங்குக்கு மாவு எதற்குங்க? மாவு போட்டால் அது பஜ்ஜிக்குத் தம்பி ஆகிவிடும்.

தட்டுவடை செட் | திங்கள் இரவு 8:44

எந்த எண்ணெய் என்று யாருமே சொல்லவில்லையே. மரச்செக்குக் கடலை எண்ணெய்தான் உடம்புக்கு நல்லது என்று எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் அதுதான்.

டிகிரி காபி | திங்கள் இரவு 9:20

தாளிக்க, குழம்புக்கு, எல்லாவற்றுக்கும் சரி. ஆனால் சுத்திகரிக்காத செக்கு எண்ணெய் சீக்கிரமே புகைய ஆரம்பித்துவிடும், அப்பளச் சூடு வரை அதை நிறுத்தி வைப்பது கஷ்டம். ரீஃபைண்டு கடலை எண்ணெய் அல்லது சூரியகாந்தி 220 டிகிரிக்கு மேல்தான் புகையும். ஃப்ரைஸுக்கு அதுதான் என் கட்சி.

ருசிக்கு என்று கேட்டால் கொழுப்புதான். அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் 1990 வரைக்கும் மாட்டுக் கொழுப்புக் கலவையில்தான் பொரித்தது, அதற்குப் பிறகுதான் தாவர எண்ணெய்க்கு மாறியது. பழைய ருசி போய்விட்டது என்று இன்னமும் புலம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

பொரித்த எண்ணெயை வடிகட்டி இன்னொரு தடவை பயன்படுத்தலாம், தப்பில்லை. கறுத்து, நுரை அடங்காமல், கையில் பிசுக்கு ஒட்டினால் விட்டுவிடுங்கள். உணவகங்களுக்கு இதற்குச் சட்டமே இருக்கிறது. எண்ணெய் கெடும்போது உருவாகிற போலார் பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 2018 ஜூலையிலிருந்து.

இலை போட்டாச்சு | திங்கள் இரவு 9:41

ரீஃபைண்டு வருவதற்கு முன்னால் நாங்கள் அப்பளத்தைத் தண்ணீரிலா பொரித்தோம்?

லீ பஜார் மூட்டை | செவ்வாய் அதிகாலை 5:15

எல்லோரும் எண்ணெய், தீ, மாவு, மலை, பனி என்று எல்லாவற்றையும் பேசிவிட்டீர்கள். கிழங்கைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லைங்க.

அக்கா, இரண்டே கேள்வி. உருளைக்கிழங்கு எங்கே வாங்கினீர்கள், பார்க்க எப்படி இருந்தது? வாங்கி வந்து எங்கே வைத்திருந்தீர்கள்?

பொன்னம்மாபேட்டை கேட் | செவ்வாய் காலை 7:30

பக்கத்து மளிகைக் கடையில்தான் வாங்கினேன். சுத்தமாக, வழவழவென்று, மண்ணே இல்லாமல் வெளுப்பாக இருந்தது. ஒரே தடவையாக ஐந்து கிலோ. எங்கள் வீடு மாடியில் கடைசித் தளம், மே மாதத்தில் சமையலறை அடுப்பாகவே கொதிக்கும், வெளியே வைத்தால் ஒரு வாரத்தில் முளை விட்டுவிடுகிறது. அதனால் ஃப்ரிட்ஜில் கீழ்த் தட்டில்தான் வைத்திருக்கிறேன், இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. ஏன்?

லீ பஜார் மூட்டை | செவ்வாய் காலை 10:50

நினைத்தேன். மூன்று நிமிடத்தில் வெல்லப்பாகு நிறம் என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததுமே நினைத்தேன். அது வெல்லம்தான்க்கா, அதாவது சர்க்கரை.

உருளைக்கிழங்கு செத்த பொருள் இல்லை, மூட்டைக்குள்ளும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற உயிர். குளிர் பட்டால் தன்னிடம் இருக்கிற ஸ்டார்ச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும். ஏழெட்டு டிகிரிக்குக் கீழே போனாலே இது ஆரம்பித்துவிடும். ஃப்ரிட்ஜ் அதைவிடக் குளிர். அந்த குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் சூட்டில் கிழங்கில் இருக்கிற அமினோ அமிலங்களோடு சேர்ந்து பழுப்பாகிறது. கொஞ்சம் இருந்தால் பொன்னிறம், அதிகம் இருந்தால் உள்ளே வேகும் முன்பே வெளியே கருகிப் போகும். தீயின் மேல் குற்றமே இல்லை. சாப்பிட்டுப் பார்த்தால் லேசாக இனிப்புகூட இருந்திருக்குமே?

அது தவிர, ரொம்பக் கருஞ்சிவப்பாகப் பொரிக்காமல் இருப்பது பொதுவாகவே நல்லது. அக்ரிலமைடு என்கிற வேண்டாத பொருள் இதே வேலையில்தான் உருவாகிறது. 2002-ல் சுவீடன்காரர்கள் கண்டுபிடித்துச் சொன்னது.

ஐந்து ரோடு சிக்னல் | செவ்வாய் காலை 11:25

இருங்கள், இதில் எனக்கு ஒத்துவரவில்லை. வடக்கேயிருந்து வருகிற கிழங்கு எல்லாமே குளிர்பதனக் கிடங்கில் மாதக்கணக்கில் இருந்துதானே வருகிறது? அப்படிப் பார்த்தால் இந்தியாவில் யாருமே ஃப்ரைஸ் போட முடியாதே. அக்கா வீட்டு ஃப்ரிட்ஜ் மட்டும் என்ன பாவம் செய்தது?

லீ பஜார் மூட்டை | செவ்வாய் மதியம் 2:40

நல்ல கேள்விங்க. சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது, இப்போதுதான் உட்கார்ந்தேன்.

ஆக்ரா பக்கம் பிப்ரவரி, மார்ச்சில் தோண்டி எடுத்து, மார்ச்சில் கிடங்குக்குள் போகும். நவம்பர் வரை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். சாதாரணக் கிடங்கில் 2 முதல் 4 டிகிரி. முளைக்காது, சுருங்காது, குழம்புக்கும் பொரியலுக்கும் ஒரு குறையும் இல்லை. ஆனால் நீங்கள் சொன்ன மாதிரி அதில் நல்ல ஃப்ரைஸ் வராது, நிறம் ஏறும். அதனால்தான் சிப்ஸ், ஃப்ரைஸ் தொழிற்சாலைக்குப் போகிற கிழங்கைத் தனியாக 10, 12 டிகிரியில் வைக்கிறார்கள், அந்தச் சூட்டில் முளைத்துவிடும் என்பதால் முளைப்பைத் தடுக்க மருந்தும் காட்டுகிறார்கள். ஒரே ஆக்ரா, ஒரே வயல், ஆனால் கிடங்கு வேறு.

ரகமும் வேறு. குஃப்ரி ஜோதி, குஃப்ரி சிப்சோனா, குஃப்ரி ஃப்ரைசோனா என்றெல்லாம் கேள்விப்பட்டிருப்பீர்கள். குஃப்ரி என்பது சிம்லா பக்கத்து ஊர். மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் சிம்லாவில் இருப்பதால் அங்கே உருவாக்கிய ரகத்துக்கெல்லாம் அந்த இனிஷியல். ஜோதி 1968-ல் வந்தது, எல்லாச் சமையலுக்குமான கிழங்கு. சிப்சோனா 1998-ல் வந்தது, சிப்ஸுக்கென்றே. ஃப்ரைசோனா பெயரிலேயே இருக்கிறது, நீளமான கிழங்கு. சிப்சோனா, ஃப்ரைசோனா இரண்டிலும் மாவுச்சத்து அதிகம், சர்க்கரை குறைவு. ஆனால் பெரும்பாலும் ஒப்பந்தத்தில் நேராக ஆலைக்குப் போய்விடும். நம் கைக்கு வருவது கஷ்டம்.

அதனால் நமக்கு ஊட்டிக் கிழங்குதான் கதி. நீலகிரியில் வருடத்தில் மூன்று போகம், மேட்டுப்பாளையம் மண்டி வழியாகக் கிடங்கில் தூங்காமல் வருகிறது. மண்ணோடு இருக்கும், ஆனால் மண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், எந்தக் கிழங்குக்கும் செம்மண் பூசலாம். கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள். தோல் உரிந்து வழுக்கிக்கொண்டு வந்தால் முற்றாத புதுக் கிழங்கு, தண்ணீர்ச் சத்து அதிகம், ஃப்ரைஸுக்கு வேண்டாம். தோல் அசையாமல், கொஞ்சம் சொரசொரவென்று இருந்தால் எடுங்கள். பச்சை ஓடியதைத் தொடவே வேண்டாம், அது கசப்பு, உடம்புக்கும் ஆகாது.

எதுவும் தெரியவில்லையா, மூட்டையிலிருந்து ஒரு கிழங்கை எடுத்து, ஒரே ஒரு வில்லை சீவி, அப்பள எண்ணெயில் போட்டுப் பாருங்கள். வெளுப்பாகப் பொரிந்தால் அந்த மூட்டை ஃப்ரைஸுக்கு. கறுத்தால் குருமாவுக்கு. எங்களிடம் சிப்ஸ் கடைக்காரர்கள் இப்படித்தான் பார்த்துவிட்டு எடுக்கிறார்கள்.

டிகிரி காபி | செவ்வாய் மாலை 6:10

மாவுக் கிழங்கா தண்ணீர்க் கிழங்கா என்று பார்க்க இன்னொரு வழி. ஒரு லிட்டர் தண்ணீரில் 125 கிராம் உப்பைக் கரைத்து முழுக் கிழங்கைப் போடுங்கள். மூழ்கினால் மாவுச்சத்து அதிகம், ஃப்ரைஸுக்கு ஏற்றது. மிதந்தால் தண்ணீர் அதிகம். அந்த உப்புத் தண்ணீரைவிட அடர்த்தியாக இருக்கிற கிழங்கில் ஐந்தில் ஒரு பங்காவது காய்ந்த சத்து இருக்கும், அவ்வளவு இருந்தால்தான் உள்ளே பஞ்சு மாதிரி வேகும்.

லீ பஜார் அண்ணனிடம் ஒரு கேள்வி: ஃப்ரிட்ஜில் இனித்துப்போன கிழங்கைத் திருப்பிக் கொண்டுவர முடியாதா?

லீ பஜார் மூட்டை | செவ்வாய் இரவு 9:00

ஓரளவு முடியும். வெளியே நிழலில் இரண்டு மூன்று வாரம் வைத்தால் சர்க்கரையில் ஒரு பங்கு திரும்ப ஸ்டார்ச்சாகும், இன்னொரு பங்கை அதுவே மூச்சு விட்டுச் செலவழிக்கும். அந்த ஏற்காடு முறையில் வெந்நீரில் வேகவைத்தாலும் மேலே இருக்கிற சர்க்கரை கொஞ்சம் தண்ணீரோடு போய்விடும். ஆனால் மே மாதத்தில் மூன்று வாரம் வெளியே வைத்தால் முளை வந்துவிடுமேக்கா. பேசாமல் குருமா வைத்துவிடுங்கள். அடுத்த தடவை ஒரு கிலோ ஒரு கிலோவாக வாங்கி, சாக்குப் பையில் கட்டிலுக்கு அடியில் இருட்டில் வையுங்கள். வெங்காயத்தோடு சேர்க்க வேண்டாம்.

பொன்னம்மாபேட்டை கேட் | ஞாயிறு இரவு 8:20

ஒரு வாரமாகப் பதில் போடாததற்கு மன்னிக்கவும். சும்மா இருக்கவில்லை. காலையில் அம்மாபேட்டை உழவர் சந்தைக்குப் போய் மண்ணோடு இருந்த கிழங்கு ஒரு கிலோ வாங்கினேன். விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்ததில் அந்தப் பாட்டி "கிழங்குக்கு மசாஜ் பண்றியா கண்ணு" என்று கேட்டுவிட்டார்.

மூன்று கிண்ணம் வைத்தேன். ஒன்றில் ஃப்ரிட்ஜில் மீதமிருந்த பழைய கிழங்கு. இரண்டாவது அதே மளிகைக் கடையில் இன்றைக்குப் புதிதாக வாங்கிய வெளுப்புக் கிழங்கு. மூன்றாவது சந்தைக் கிழங்கு. உப்புத் தண்ணீரில் போட்டபோது கடைக் கிழங்கு மூன்றும் மிதந்தது. சந்தைக் கிழங்கில் இரண்டு மூழ்கியது, ஒன்று நடுவில் நின்று யோசித்தது.

மூன்றையும் ஒரே மாதிரி செய்தேன். அலசி, வினிகர் தண்ணீரில் பத்து நிமிடம், பழைய வேட்டியில் பரப்பி ஃபேனுக்குக் கீழே கால் மணி நேரம். உடையவே இல்லை, அது எனக்கே ஆச்சரியம். அதிரச எண்ணெயில் ஐந்து நிமிடம், அரை மணி நேரம் ஆறவிட்டு, அப்பள எண்ணெயில் இரண்டரை நிமிடம்.

ஃப்ரிட்ஜ் கிழங்கு முன்பு அளவுக்கு மோசமில்லை, ஆனாலும் பழுப்பு. ஒன்றைத் தனியாக எடுத்து மென்று பார்த்தேன். ஆமாம், இனிக்கிறது. ஐந்து தடவையும் இது எனக்குத் தெரியவில்லை, கூடவே தக்காளி சாஸ் இருந்ததே! கடைக் கிழங்கு நடுவில் மஞ்சள், இரண்டு முனையிலும் மட்டும் கறுப்பு. சந்தைக் கிழங்கு ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஒரே நிறம், கோதுமை நிறம். கரண்டியில் குலுக்கினேன், ஐயா சொன்ன சலசலப்பு கேட்டது. ஒன்றை ஒடித்தேன். மேலே ஓடு டக்கென்று விட்டது, உள்ளே இட்லி மாதிரி ஆவி வந்தது.

பெரியவன் வழக்கம்போல ஒன்றைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். நேராக நின்றது. பத்து நிமிடம் கழித்து இன்னொன்றைத் தூக்கிப் பார்த்தான். கொஞ்சம் தளர்ந்திருந்தது, தொங்கவில்லை. ஒன்றும் சொல்லவில்லை. தட்டை மட்டும் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

மாவுப் பரிசோதனை செய்யக் கிழங்கு மிச்சமில்லை, அடுத்த வாரம்.

ஜவ்வரிசி மூட்டை | ஞாயிறு இரவு 8:45

அடுத்த வாரம் மாவு மட்டுமில்லை, மரவள்ளிக் கிழங்கையே இப்படிப் போட்டுப் பாருங்கள் அக்கா. தோலை முழுசாக உரித்து, நடு நார் எடுத்து, திறந்த பாத்திரத்தில் நன்றாக வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், அதில்தான் நச்சு போகும். மில்லுக்குப் போகிற கசப்புக் கிழங்கு வேண்டாம், சமையலுக்கு விற்கிறதை வாங்குங்கள். ஆறவைத்து ஒரே தடவை அப்பள எண்ணெயில். உருளை பக்கத்தில் நிற்காது.

ஐந்து ரோடு சிக்னல் | ஞாயிறு இரவு 8:58

இதற்கும் ஒத்துவரவில்லை. ஆனால் அதற்குத் தனி இழை போடுங்கள், வந்து சண்டை போடுகிறேன்.

இருபதாவது வளைவு | ஞாயிறு இரவு 9:15

லீ பஜார் அண்ணா, வெள்ளிக்கிழமை ஜீப்பை எடுத்துக்கொண்டு கீழே வருகிறேன். ஊட்டிக் கிழங்கு ஒரு மூட்டை எடுத்து வைக்க முடியுமா? சனி, ஞாயிறு அறை எல்லாம் நிறைந்திருக்கிறது.

லீ பஜார் மூட்டை | ஞாயிறு இரவு 9:22

வைக்கிறேங்க. காலை 6 மணிக்குள் வந்துவிடுங்கள், அப்புறம் வண்டி உள்ளே நுழையாது. வில்லை போட்டுப் பார்க்க வேண்டுமென்றால் எதிரே டீக்கடையில் வடை எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும், கேட்டால் தருவார்.

தட்டுவடை செட் | ஞாயிறு இரவு 9:30

எனக்கு ஒரே ஒரு சந்தேகம் மட்டும். அப்போ எண்ணெயில் புகை வர வேண்டாமா?